மச்சான் கழித்த ஐந்து வண்டிகள்

“வேணாம் மாப்ள. வா, போலாம்.”

காரின் பானெட்டைத் தொட்டுப் பார்த்த கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு நடையைக் கட்டினார் பக்தவச்சலம். பகலவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னா மச்சான், இன்னும் ஸ்டார்ட் கூடப் பண்ணலியே?”

“அவன் பண்ணிட்டான். நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவுட்டு சூடாக்கி வெச்சுகீறான். டீசல் இஞ்சின் ஆறிக் கெடக்கசொல்ல ஸ்டார்ட் பண்ணாத்தான் அதோட வண்டவாளம் தெரியும்.”

இது நான்காவது வண்டி.

எண்ணூரில் பகலவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். கைக்கு வந்த செட்டில்மென்ட் பணத்தில் ஒரு பழைய டீசல் கார் வாங்கி, மஞ்சள் போர்டுக்கு மாற்றி டாக்ஸியாக ஓட்டுவது என்று முடிவு. அது காலை வாரினால் வேறு வழியில்லை.

பக்தவச்சலம் அவன் மனைவி மாயாவின் அண்ணன். காசிமேட்டில் விசைப்படகு இஞ்சின் மெக்கானிக். ‘டீசல்னா எங்கண்ணன்தான்’ என்று மாயாதான் அவரைக் கூட அனுப்பினாள்.

அவரோ எல்லா வண்டியையும் படகாகவே பார்த்தார்.

எம்.கே.பி. நகர் வண்டி நீலப் புகை விட்டது. “ஆயிலைக் குடிக்குது, வேணாம்.” டோல்கேட் வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசிவரை உருவினார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கறை. “வெள்ளத்துல முழுகி எழுந்தது, வேணாம்.” இன்னொன்றில் இஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று புகை. “நெஞ்சுல சளி. தேறாது.”

ஐந்தாவது, ராயபுரம் ஹில்டா டீச்சருடையது.

“ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன், வருவேன். அவ்வளவுதான் ஓடியிருக்கு” என்றார் டீச்சர்.

வண்டி பளபளவென்று நின்றது. பகலவன் அட்வான்ஸ் எடுக்கப் பைக்குள் கையை விட்டான்.

“வேணாம் மாப்ள. டீசல் வண்டி தூரமா ஓடணும். தெருமுனைக்கே போய் வந்துகினு இருந்தா உள்ள கரி அடைச்சிக்கும்.”

“ஓடுனாலும் குத்தம், ஓடாட்டியும் குத்தமா?”

“நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா எறங்கித் தள்ளுவியா நீ?”

“நான் இன்னா அந்தமானுக்கா மச்சான் சவாரி ஏத்தப்போறேன்? அண்ணா நகருக்கு!”

வீட்டில் மாயா பொங்கிவிட்டாள்.

“எங்கண்ணன் இன்னும் ஓட்டை மொபெட்லயே போய்கினு கீது. நம்ம வூட்டு வாசல்ல கார் நிக்கப்போவுதேன்னு வயித்தெரிச்சல். இனிமே அவரக் கூப்புடாத!”

பகலவனுக்கும் அப்படித்தான் பட்டது. மூன்று மாதமாக வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாமே அப்படித்தான் படும்.

இரண்டு வாரம் கழித்து ஜெனிஷ் என்பவர் போன் செய்தார். நாகர்கோவில்காரர், திருவொற்றியூரில் படகுக்கான பெயின்ட், கயிறு விற்கும் கடைக்காரர். தன் டீசல் காரைக் கொடுக்கப் போவதாகவும், புரோக்கர் ஒருவர் இவன் நம்பரைத் தந்ததாகவும் சொன்னார்.

பகலவன் மச்சானிடம் மூச்சு விடவில்லை. தனியாகப் போனான்.

பானெட்டைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. புகை இல்லை. ஆயில் மூடி, சீட் பெல்ட், ஆர்.சி.யில் லோன் பாக்கி, சேஸிஸ் நம்பர் எல்லாம் பார்த்தான். மணலி வரை ஓட்டிப் பார்த்தான். கடைசியாக, எதற்கென்று தெரியாவிட்டாலும், டயரை ஓர் உதை உதைத்தான்.

“எல்லாம் சரியா இருக்குல்லா?” என்று பரீட்சை எழுதியவர் போலக் கேட்டார் ஜெனிஷ்.

“ம்... பரவால்ல” என்றான் பகலவன் கெத்தாக.

கார் வீட்டுக்கு வந்தது. மாயா தெருவுக்கே சாக்லேட் கொடுத்தாள். சேதி கேட்டு பக்தவச்சலமும் வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார்.

“இன்னாண்ணா, குத்தம் எதுவும் மாட்டலியா? என் வூட்டுக்காரரு தனியாப் போய்ப் பார்த்து வாங்குனாரு!”

“கில்லாடிம்மா உன் வூட்டுக்காரன்” என்றவர், டீ போடுகிறேன் என்றதற்குக்கூட நிற்காமல் கிளம்பிவிட்டார்.

“மூஞ்சியப் பார்த்தியா?” என்று சிரித்தாள் மாயா.

ஆர்.சி. மாற்ற ஜெனிஷிடம் ஒரு கையெழுத்து பாக்கி இருந்தது. பத்து நாள் கழித்து, காரிலேயே கடைக்குப் போய் இறங்கினான் பகலவன்.

“வண்டி எப்படி ஓடுது?”

“சும்மா பறக்குது சார்! நானே பார்த்துப் பார்த்து வாங்குனதாச்சே? எங்க மச்சான் ஒருத்தர் கீறாரு, படகு மெக்கானிக். அவரை இட்டாந்திருந்தா இத்தையும் கழிச்சுக் கட்டியிருப்பாரு. நாம முன்னேறுனா அவருக்குப் பொறுக்காது சார்.”

ஜெனிஷ் பாதிக் கையெழுத்தில் பேனாவை வைத்துவிட்டார்.

“யாரு, நம்ம பக்தா அண்ணனயா சொல்லுதீங்க? வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. ஆனா இதுக்கு மேல எனக்குப் பொறுக்காது, பாத்துக்கிடுங்க. ஒம்பது நாளு இந்த வண்டிக்கு அடியிலதான் கெடந்தாரு அவரு. இன்ஜெக்டரைக் கழத்திச் சுத்தம் பண்ணாரு, கிளட்ச் மாத்துனாரு. எங்கிட்ட ஒத்த ரூவா வாங்கல. உங்க நம்பரத் தந்து போன் போடச் சொன்னதும் அவருதான்.”

பகலவன் திரும்பி, வாசலில் நின்ற காரைப் பார்த்தான்.

“அத்த எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமே சார்?”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘நான் காட்டுனா அது ஆயுசுக்கும் மச்சான் வாங்கிக் குடுத்த வண்டி. வேல போய் வூட்ல குந்திகினு கீறான். இது அவனே பார்த்து வாங்குனதா இருக்கட்டும்’னாரு.”