பொய் சொல்ல வராதவள்

ரேசர் இடது கன்னத்தை முடித்துக்கொண்டு மோவாய்க்கு வந்தபோது அப்பா கேட்டார்.

"அவ எங்கம்மா? காலையிலேர்ந்து சத்தத்தையே காணோம்."

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். முதலில் பிளேடு தொண்டையை விட்டு விலக வேண்டும், பதிலெல்லாம் அப்புறம். இது நேற்றுதான் கற்றுக்கொண்டது. அப்பாவின் மோவாய்க்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரி அந்தப் பாடத்தின் மிச்சம்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. அப்பாவின் நினைவில் அது மட்டும் நிற்பதில்லை.

ரயில் ஓட்டியவர். எந்த வளைவில் வேகத்தைக் குறைக்க வேண்டும், எந்தப் பாலத்துக்கு முன்னால் ஊத வேண்டும் என்று இப்போதும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார். கட்டிய மனைவியை வழியனுப்பி வைத்ததைத்தான் எங்கோ இறக்கி விட்டுவிட்டார்.

அவர் கேட்கும்போதெல்லாம் அவள் உண்மையைச் சொன்னாள். வேறெப்படிச் சொல்வாள்? தத்துவத்தில் அவள் வாங்கிய முனைவர் பட்டமே அதற்குத்தானே. எவ்வளவு அன்பினால் சொன்னாலும் பொய் பொய்தான். ஒருவரிடம் பொய் சொல்கிறவர் அவரை மனிதராகவே மதிக்கவில்லை என்று ஐந்து வருடம் மல்லுக்கட்டி எழுதினாள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் நாலு பக்கமும் மடக்கிப் பார்த்தார். அவள் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் அவரே எழுந்து வந்து கைகொடுத்தார்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அதற்காகச் சும்மா இருந்தாரா? தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். முழங்கால் வலிக்கு மருந்து கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "அந்த டாக்டர் இல்லைப்பா, இது அதுக்கும் மேல" என்றார்.

ஆய்வில் எழுதிய அந்த வாதத்தில் ஓட்டை எதையும் அவளால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை. கொடுமை அதுதான்.

உண்மையைச் சொன்ன ஒவ்வொரு தடவையும் அப்பா முதல்முறையாகக் கேட்டார். தலையில் அடித்துக்கொண்டார். "எனக்கு யாருமே சொல்லலையே" என்று தேம்பினார். கொஞ்ச நேரத்தில் அழுததே மறந்துபோகும். மறுபடியும் அதே கேள்வி. எத்தனையாவது தடவை என்று எண்ணுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள்.

தம்பி வேறு வழியில் முயன்று பார்த்தான். "அம்மா கடைக்குப் போயிருக்காங்க, வந்துடுவாங்க" என்றான். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வெயில் ஏறி இறங்கியது. தெருவிளக்கும் எரிந்தது. சாப்பாட்டைத் தொடவில்லை. "இருட்டிடுச்சே, தனியா வருவாளே" என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத் தம்பி குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

டாக்டரிடம், அதாவது மாத்திரை எழுதும் டாக்டரிடம், கேட்டார்கள். "எதைச் சொன்னா அமைதியா இருப்பாரோ அதைச் சொல்லுங்க" என்றார். அது எது என்று கேட்கத்தானே போயிருந்தார்கள்.

நேற்று ரேசர் கையில் இருக்கும்போதே அவள் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். அப்பா விலுக்கென்று திரும்பினார். வெள்ளை நுரைக்குள் சிவப்பு பரவியது. எழுதியதில் ஒரு வரியாவது அப்போது துணைக்கு வந்ததா? பஞ்சை எங்கே வைத்தோம் என்பதுகூட ஞாபகம் வரவில்லை.

இன்று அவர் முகத்தைப் பார்த்தாள். பாதி முகத்தில் நுரை. வாயைச் சற்றே திறந்தபடி, பதிலுக்காகக் காத்திருந்தார்.

"அம்மா குளிச்சிட்டு இருக்காங்கப்பா."

சொல்லிவிட்டாள்.

அப்பா குளியலறைப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பிறகு அவளையே உற்றுப் பார்த்தார். அழவில்லை. நாற்காலியை இழுக்கவும் இல்லை. மெல்லச் சிரித்தார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இவ்வளவுதானா? இதற்கா இத்தனை நாள் தம்பியும் நானும் செத்துப் பிழைத்தோம்?

நுரை ஒட்டிய கையால் அப்பா அவள் மணிக்கட்டைத் தட்டிக்கொடுத்தார்.

"நீ நல்ல பொண்ணும்மா. தினமும் வந்து எவ்வளவு பொறுமையா எல்லாம் செய்யறே. ஆனா பொய் சொல்லத்தான் உனக்கு வரலை. போகட்டும், விடு. சாயங்காலம் என் பொண்ணு வருவா. தத்துவத்துல டாக்டர். அவகிட்ட கேட்டுக்கறேன். உயிரே போனாலும் அவ என்கிட்ட பொய் சொல்ல மாட்டா."

அவள் ரேசரைக் குவளைத் தண்ணீரில் அலசினாள். அலசியதையே மறுபடியும் அலசினாள்.

பிறகு ஒரு விரலால் அவர் மோவாயை மெல்ல நிமிர்த்திக்கொண்டு, "எத்தனை மணிக்கு வருவாங்க உங்க பொண்ணு?" என்று கேட்டாள்.