ஈரம் காய்வதற்குள்

தோலைப் பேணும் விதத்தில்தான் ஒரு சமூகத்தின் நாகரிகம் தெரியும் என்றார் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் முத்துலிங்கம்.

கேட்டுக்கொண்டிருந்தது சமூகமல்ல. மார்பில் துவாயை அணைத்துக்கொண்டு, குளித்த ஈரத்தோடு கட்டில் விளிம்பில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி கனகேஸ்வரி. கூடவே, மேசையில் கவிழ்த்து வைத்த தொலைபேசிக்குள், ரொறன்ரோவிலிருந்து மகள் மயூரி.

"அப்பா, பேச்சு பிறகு. ஈரம் காய முதல் பூசுங்கோ. மூண்டு நிமிஷம்தான் இருக்கு."

மயூரி அங்கே முதியோர் விடுதி ஒன்றில் தாதி. கிரீமை அனுப்பியவளும் அவள்தான்.

கனகேஸ்வரி பத்து நாளாகச் சரியாக உறங்கவில்லை. வெள்ளவத்தைக் கடற்காற்றில் முதுகு முழுக்க வறண்டு பொருக்கு விட்டிருந்தது. சீப்பின் முனையால் சொறிந்து சொறிந்து இரவுச் சட்டையில் இரத்தப் பொட்டுகள். வலத் தோள்மூட்டு இறுகிப்போனதால் கை பின்னால் போகாது.

தினமும் வீட்டு உதவிக்கு வந்து, முதுகுக்கும் பூசிவிடும் ரஜனி, தங்கச்சியின் கலியாணத்துக்கு ஹற்றன் போய்விட்டாள். மிச்சம் இருந்தது கணவர்.

"ரஜனி வரட்டும்" என்று பத்து நாளும் சொல்லிப் பார்த்தாள் கனகேஸ்வரி. எங்கட ஆக்களுக்கு இந்த வயசிலும் வெக்கம் போகாது என்று முத்துலிங்கம் முதியோர் சங்கத்தில் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

அவர் முறைப்படி ஆயத்தமாகியிருந்தார். 9.00 இளஞ்சூட்டு நீர். 9.10 துவாயால் ஒற்றியெடுத்தல், தேய்த்தல் ஆகாது. 9.12 பூசுதல். தட்டச்சு செய்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அடியில் கையொப்பமும் இட்டிருந்தார்.

போத்தலைத் திறந்து முகர்ந்தார்.

"இதில ஒரு வாசமும் இல்லையே பிள்ளை. பழுதாப் போட்டுதோ?"

"வாசம் இருந்தா அம்மாவுக்குத் தோல் இன்னும் கடிக்கும் அப்பா. பூசுங்கோ."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு, போத்தலில் அச்சிட்டிருந்ததை முதல் வரியிலிருந்து உரக்க வாசித்தார். வெளியே தெஹிவளைப் பக்கம் போன ரயிலின் இரைச்சலில் அறை ஜன்னல் அதிர்ந்தது. காலைக் கூட்டத்தில் பிள்ளைகள் அடங்கக் காத்திருப்பதுபோல, அது போய் முடியும்வரை நிறுத்தி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

"இஞ்சேருங்கோ, காயுது" என்றாள் கனகேஸ்வரி.

அவர் கிரீமை அள்ளிக் கையை ஓங்கினார்.

அவளுடைய இரண்டு தோளும் காதுவரை ஏறின. இறுகிப்போன தோளும்தான்.

"குளிருதாக்கும். நேரா இரும்."

கிரீம் இன்னும் அவள்மேல் படவில்லை.

"அப்பா, மெதுவா" என்றாள் மயூரி. அவளுடைய குரல் மாறியிருந்தது. "ப்ளீஸ் அப்பா. மெதுவா."

"எனக்குத் தெரியாதே? முப்பத்தாறு வருஷம் பிள்ளையளைக் கையாண்டனான்."

கழுத்திலிருந்து கீழ்நோக்கி, ஒரு வரியும் விடாமல் பூசிக்கொண்டு போனார். தாகத்தில் கிடந்த தோல் கிரீமை உடனே குடித்தது. தோள்கள் மட்டும் இறங்கவில்லை.

வலத் தோள்பட்டைக்குக் கீழே கை நின்றது. திரைச்சீலையை விலக்கிவிட்டு வந்து குனிந்தார். கலியாணமாகி ஐம்பத்திரண்டு வருடத்தில் அந்த முதுகைப் பகல் வெளிச்சத்தில் அவர் உற்றுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, இதில ஒரு பழைய அடையாளம் கிடக்குது. சதுரமா. கொஞ்சம் தள்ளி இன்னொண்டு. சொறிஞ்சதால வந்ததில்லை. இதுக்கு வேற கிரீம் இருக்கோ?"



"ஹலோ? ஹலோ?" தொலைபேசியைத் திருப்பிப் பார்த்தார். இணைப்பு அறுபடவில்லை. விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அதை விடுங்கோ" என்றாள் கனகேஸ்வரி, சுவரைப் பார்த்தபடி. "மற்றப் பக்கம் பூசுங்கோ."

அதிபராக இருந்த காலத்தில் முத்துலிங்கம் கட்டிய பெல்ட்டின் பக்கிள் சதுரமானது.