கப்பல் படம் போட்ட புத்தகம்

புத்தகத்தைக் காணவில்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். அழுக்குத் துணிக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஃபிரிட்ஜின் தலைமேல்கூடத் துழாவியாயிற்று.

அவளுடைய புத்தகங்களுக்கு வீட்டில் மூன்று இடங்கள். படித்து முடித்தவை ஜன்னல் ஓரம். படித்துக்கொண்டிருப்பது தலையணைக்குப் பக்கத்தில். இனிப் படிக்க வேண்டியவை ஹாலில் முக்காலியின் மேல், ஒன்றன்மேல் ஒன்றாக.

ஒன்றை முடித்த கையோடு அடுத்ததைத் தொட்டுவிட வேண்டும். நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தாலும் வீடு அவளைப் பிடித்துத் தின்னத் தொடங்கிவிடும்.

வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டதிலிருந்து இப்படித்தான். ஓர் அறையில் உட்கார்ந்தால் இன்னொன்றுக்குப் போகத் தோன்றும். போனால் திரும்பி வரத் தோன்றும். அடுப்பை அணைத்தோமா என்று பார்க்கப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் நிற்பாள். அவளை ஓரிடத்தில் உட்காரவைப்பது புத்தகம் ஒன்றுதான்.

இன்று மதியம் கையிலிருந்ததை முடித்துவிட்டு முக்காலிக்கு வந்தால், அட்டையில் கப்பல் படம் போட்ட அந்த நாவல் இல்லை.

வெளிவருவதற்கு முன்பே பதிவுசெய்து, காத்திருந்து வாங்கியது. வந்த அன்று அடுக்கின் உச்சியில் வைத்தாள். மறுநாள் அது அடியில் கிடந்தது. எடுத்து மேலே வைத்தாள். மறுபடியும் அடியில். அதன் இடத்தில் ஒரு மலையேற்றக்காரரின் பயணக்கதை. அதை முடித்துவிட்டு வந்தால் தேனீ வளர்ப்பவர் ஒருவரின் அனுபவங்கள். வேறு வழியில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே அதையும் படித்தாள். இப்போது கப்பலையே காணோம்.

வீட்டில் இருப்பது இரண்டே பேர். அவள் எடுக்கவில்லை என்றால் அவள் கணவர்தான்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து அவள் பார்த்ததில்லை. செய்தித்தாளில்கூடப் படங்களைப் பார்த்துவிட்டு மடித்துவைத்துவிடுவார். கப்பல் புத்தகம் அடிக்கடி அடியில் போவதைப் பற்றி நேற்று அவள் விசாரித்தபோது, “எந்தப் புத்தகம்?” என்று சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

எழுத்தென்றாலே ஓடுகிற மனிதருக்கு இதில் என்ன வேலை?

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாவலைப் பாதியில் மூடிவைத்துவிட்டு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தாள். ஏன் என்று அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அந்தப் புத்தகம் வீட்டில் இல்லை. யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

இதையும் கொடுத்துவிட்டாரா?

கடவுளோடு பேச்சை நிறுத்தி அவளுக்கு வெகு நாளாகிறது. அங்கே போட வேண்டிய சண்டையும் சேர்ந்து இப்போது கணவர் பக்கம் திரும்பியது. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தாள்.

படிக்கட்டில் எதிரே வந்த மூன்றாம் மாடிக்காரி சிரித்தாள். “என்னக்கா, உங்க வீட்டுக்காரர் லிஃப்டையே கட்டிக்கிட்டாரா? லீவு நாள்லயும் மேல மோட்டார் ரூமே கதின்னு இருக்காரு.”

அந்தக் கட்டடத்து லிஃப்டையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். நேற்றும் அதில் ஏதோ சத்தம் வருகிறது என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

மூச்சு வாங்க மொட்டைமாடிக்கு ஏறினாள். மோட்டார் அறையின் கதவு ஒருக்களித்திருந்தது. கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே சோப்பு வாசனை.

கவிழ்த்த வாளியின் மேல் அவர் உட்கார்ந்திருந்தார். பிரார்த்தனைக்குப் போகும்போது மட்டும் எடுக்கிற வெள்ளைத் துண்டு மடியில் விரிந்திருந்தது. அதன்மேல் அந்தப் புத்தகம். கறை படாமலிருக்கச் செய்தித்தாளில் அட்டை போட்டிருந்தார். ஒரு வரிக்குக் கீழே ஸ்க்ரூ டிரைவரைப் படுக்கவைத்து, உதடுகள் அசைய, எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

“என் புத்தகத்தை எதுக்கு இப்படி ஒளிஞ்சு படிக்கிறீங்க?” அவள் நினைத்த அளவுக்குக் குரல் உயரவில்லை.

பரீட்சையில் பிட்டோடு அகப்பட்டவர் மாதிரி எழுந்து நின்றார்.

“கொஞ்சம் பொறுத்துக்கோம்மா. இன்னும் நாப்பது பக்கம்தான். இதுல ஒரு சின்னப் பொண்ணு வருது. இதுவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகல. கடைசிவரைக்கும் பாத்துட்டுக் குடுத்துடறேன்.”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ பாதில மூடி வெச்ச பக்கத்துல ஒரு குழந்தை செத்துடுதுன்னு படிச்சதுலேர்ந்து இப்படித்தான். மலையேறுறவன் கதை, தேனீ, ரெண்டையும் முழுசாப் பாத்துட்டுத்தான் மேல வெச்சேன். தேனீல ராணி செத்துடுது. அது பரவால்லன்னு விட்டுட்டேன்.”

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கீழே யாரோ பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். மோட்டார் உறுமிக்கொண்டு ஓடியது. பிறகு நின்றது.

“அந்தப் பொண்ணு பேரு என்ன?” என்று கேட்டாள்.

“நம்ம பாப்பா பேரு இல்ல” என்றார் அவர். “அதைத்தான் முதல்ல பாத்தேன்.”