நோயற்ற மூளை

இபாதான் நகரில் ஒரு மருத்துவமனையின் ஸ்கேன் அறை. மனச்சிதைவு பற்றிய டாக்டர் அபோசெடேயின் கட்டுரை அச்சாகி வந்து, மதிய வெயிலில் மேசைமேல் பளபளக்கிறது. திறந்திருக்கும் பக்கத்தில் இரண்டு மூளைப் படங்கள்: ஒன்று நோயாளியுடையது, மற்றது நோயற்றவருடையது. ஒப்பிட்டுப் பார்க்க நோயற்ற ஆட்கள் கிடைக்காத நாளில் ஊழியர்களே எந்திரத்துக்குள் படுத்துக்கொள்வது இங்கே வழக்கம்; இரண்டாவது மூளை ஆபரேட்டர் லமிடியுடையது. வேர்க்கடலை மணக்கும் விரலால் அதைத் தட்டிக் காட்டுகிறான். "தெளிவான மண்டைன்னு அச்சுலயே போட்டாச்சு டாக்டர்! இனி என் பெண்டாட்டி என்னைப் பைத்தியம்னு திட்டட்டும் பார்ப்போம்." சட்டென்று அவன் சிரிப்பு நிற்கிறது. தலையைச் சாய்த்து, உதட்டில் விரலை வைக்கிறான். "உஷ்... ஜெனரேட்டருக்குள்ள மறுபடியும் என் பேரைச் சொல்றாங்க. மெதுவாப் பேசுங்க." அபோசெடே ஜன்னல் வழியே பார்க்கிறாள். காலையிலிருந்து கரண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர் தார்ப்பாய்க்கடியில் ஓடாமல் கிடக்கிறது.