மூன்று பெண்களைக் காணோம்

“என்ன சேச்சி இது? உங்க ஏரி பத்தலைன்னு என் சுவத்துலயும் இழுத்து விட்டுட்டீகளா?”

வேல்விழி போட்ட சத்தத்தில், சுவரோரம் வரைந்துகொண்டிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தேனியில் கல்லூரிக்குப் போகிற சாலையில் இருக்கிறது அந்த நீளச் சுவர். ஆளுக்குப் பத்தடி. யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று அறிவித்திருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள், தையல்காரர், பஸ் கண்டக்டர், பரோட்டா மாஸ்டர், போடியிலிருந்து ஏலக்காய் வியாபாரி ஒருவர் என்று பத்து நாளாக அங்கே ஒரே கலகலப்பு. இன்று சாயங்காலம் திறப்பு விழா.

வேல்விழி கல்லூரியில் இரண்டாம் வருஷம். தன் ஊரான வருசநாட்டு மலையையும், அதன் அடியில் இலவம்பஞ்சுக் காய் பொறுக்கும் ஏழு பெண்களையும் வரைந்திருந்தாள். நேற்று பொழுது சாயும் நேரம் முடித்துவிட்டு விடுதிக்குப் போனவள், காலை எட்டு மணிக்கு வந்து பார்த்தால் மூன்று பெண்களைக் காணோம். அந்த இடத்தில் பாய் அகலத்துக்கு நீல பெயிண்ட்.

பக்கத்துப் பத்தடியில் வரைபவள் ஷெரின். குமுளிக்காரி. தேனியில் நர்ஸ் வேலை. தினமும் நைட் டூட்டி முடிந்ததும் நேராக இங்கே வந்து தேக்கடி ஏரியை வரைவாள். அந்தச் சுவரில் இத்தனை நீலம் வைத்திருந்தது அவள் ஒருத்திதான்.

“கை தவறிப் போச்சு மோளே. மன்னிச்சிரு.”

“கை தவறுனா ஒரு சொட்டு விழும். இது ஒரு டப்பா!”

ஷெரின் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏற்பாட்டாளர் பாண்டியராஜன் ஓடி வந்தார். போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்.

“சிஸ்டர், அடுத்தவுக படத்துல கை வைக்கக் கூடாதுன்னு மொத நாளே சொன்னேன்ல?”

“சொன்னீங்க சார்.”

“அப்புறம் எப்படி? தப்பா எடுத்துக்காதீக, உங்க பேரை லிஸ்ட்ல இருந்து எடுத்துர்றேன்.”

“சரி சார்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஷெரின் பிரஷ்களைக் கழுவ ஆரம்பித்தாள்.

மறுத்து ஒரு வார்த்தை பேசாதது வேல்விழிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. எவ்வளவு நெஞ்சழுத்தம்!

கண்ணீர் முட்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. இன்று அப்பா வருகிறார். “படிக்கப் போன எடத்துல பெயிண்டா அடிக்கிற?” என்று போனில் கேட்டவர். படத்தை நேரில் பார்த்தால் மனசு மாறுவார் என்று பத்து நாளாக நம்பிக்கொண்டிருந்தாள்.

சொல்லிவைத்த மாதிரி சற்று நேரத்தில் அப்பா பலவேசம் துண்டை உதறித் தோளில் போட்டபடி வந்து நின்றார்.

“எப்பப்பா வந்தீக?”

“இப்பத்தேன் ஆத்தா.”

“பாருங்கப்பா, இந்தச் சேச்சி பண்ணுன வேலைய! நல்லவேளை, சார் இவுகளப் போகச் சொல்லிட்டாக.”

பலவேசத்தின் முகம் மாறிவிட்டது.

“இந்தப் பிள்ளையவா போகச் சொன்னாக?”

ஷெரின் அவரைப் பார்த்து, வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினாள். அவர் கேட்கவில்லை.

“இவுக மேல தப்பில்ல ஆத்தா. அடிச்சது நாந்தேன்.”

“நீங்களா?”

“மொத பஸ்ஸுக்கே வந்துட்டேன். இந்தப் பிள்ளகிட்ட பெயிண்ட வாங்கி நாந்தேன் அடிச்சேன்.”

“ஏம்ப்பா?”

பலவேசம் துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டு நின்றார்.

“நான் வரையிறது பிடிக்கலைன்னா வாயால சொல்லியிருக்கலாம்ல? நாலு பேர் பாக்குற எடத்துல அழிச்சுத்தான் காட்டணுமா?” வேல்விழியின் குரல் உடைந்தது. “சரி, இனிமே பிரஷ்ஷத் தொடல. போதுமாப்பா?”

அவருக்குக் கண் கலங்கியது.

“மோளே, நிறுத்து” என்றாள் ஷெரின்.

“வேணாம் தாயி” என்று அவசரமாகக் குறுக்கே வந்தார் பலவேசம்.

“இல்லண்ணா. இன்னும் மறைச்சா இவ உங்களை வெறுத்துருவா.”

ஷெரின் வேல்விழியின் கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ராத்திரி எவனோ ஒருத்தன் அந்த மூணு பொம்பளைங்க மேல உன் பேரை எழுதி, அசிங்கமா கிறுக்கி வெச்சிருக்கான். நான் டூட்டி முடிஞ்சு வர்றப்ப, உங்கப்பா தனியா நின்னு அதைத் துண்டால தேச்சுக்கிட்டு இருந்தாரு. போகல. அதான் நீலத்தைக் கொடுத்தேன்.”

வேல்விழி அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“‘பிள்ளையை ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவீங்களா அண்ணா’ன்னு பயந்து போய்க் கேட்டேன். அதுக்கு அவர், ‘அவளுக்கு இது தெரியவே வேணாம் தாயி, தெரிஞ்சா எம்மக வரையிறத விட்டுருவா’ன்னு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு மோளே.”