காதுப்பெட்டி

முப்பது நாளில் ஒருமுறையேனும் குட்டிக் காட்டணில் என்னும் அரிய அணிலினத்தின் குரலை, மரத்தில் மாட்டிய, ஒலி கேட்டு உயிரினம் சொல்லும் காதுப்பெட்டி பதிவு செய்யாவிட்டால் அந்தச் சோலைக்காட்டை வெட்டிவிடலாம் என்பது சட்டம். அன்று முப்பதாவது நாள். கெடு முடியும் ஐந்து மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. கணவர் வேலாண்டி இறந்தபின் அவருடைய காவல் வேலைக்கு வந்திருந்த மயிலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்கடியில் நின்றாள்.

மூங்கில் புதரிலிருந்து, சுண்டெலியைவிடக் கொஞ்சமே பெரிய அணிலொன்று தலைகீழாக இறங்கி, வாலை உதறி, குருவியைப் போல விட்டுவிட்டுக் கத்தியது.

"கேட்டுச்சா சார்?"

அதிகாரி ஜெபராஜ் திரையைப் பார்த்தார். "பறவைன்னு காட்டுதுக்கா."

"கண்ணு முன்னால வாலாட்டுது, பறவையாம்ல!"

"பெட்டிக்குக் கண்ணா இருக்கு? இத மாட்டுன அன்னிக்கு ஒரு அணிலும் வரல. உங்க வீட்டுக்காரர்தான் கத்திக் காட்டிப் பழக்கினார். அதுக்கு அவர் குரல்தான் அணில்."

பெட்டி கடைசியாக அணிலைக் கேட்டது அவர் இறந்ததற்கு முந்தின நாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு விரலை உதட்டில் வைத்து, அவரைப் போலவே கத்தினாள்.

"பறவைதான்கா. ஒரு நிமிஷம்தான் இருக்கு."

ஆஸ்துமாக்காரரான வேலாண்டிக்கு ஒவ்வொரு கத்தலின் முடிவிலும் நெஞ்சு லேசாக இழுக்கும். அந்த இழுப்பையும் சேர்த்து மறுபடி கத்தினாள்.

ஜெபராஜ் திரையை மெல்ல அவள் பக்கம் திருப்பினார்.

'அணில். ஆண். முன்பு கேட்ட அதே குரல். உயிரோடு இருக்கிறது.'