மீசை முளைத்த சிங்காரம்

"இவன் முழு ஆம்பளைங்க துரை! அந்த மீசையில எருமையையே கட்டலாம்!"

மருதப்பக் கங்காணி முழங்கியதில் ஜொகூர் பாரு கோர்ட்டின் ஓடுகள் நான்கு நகர்ந்தன.

தோட்டத்து ரப்பர் கொட்டகைக்குத் தீ வைத்ததாக அவர் பிடித்துக் கொடுத்தது அஞ்சலையின் மகன் சிங்காரத்தை. பெரியவன் என்று முடிவானால் வருஷக்கணக்கில் ஜெயில். சிறுவன் என்றால் கண்டித்துத் தாயோடு அனுப்பிவிடுவார்கள்.

"பதினாலுதாங்க ஆகுது," என்றாள் அஞ்சலை.

"பொய்! இருபதுக்குக் குறையாது. சத்தியம் பண்றேன்!"

மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார்.

"துரை, ஒரே ஒரு கேள்விங்க," என்றாள் அஞ்சலை. "காலையில எங்களை ரெங்கம் ஸ்டேஷன்லேருந்து ரயில்ல கூட்டியாந்தது கங்காணிதான். என் மகனுக்கு என்ன டிக்கெட்டு எடுத்தாரு?"

கங்காணி பின்வரிசையில் இருந்த தோட்டத்து ஆட்களைத் திரும்பி முறைத்தார்.

"அரை டிக்கெட்டு!" என்று கூவியது, அதே பெட்டியில் வந்திருந்த பின்வரிசை. "பதினொரு வயசுன்னு சாமி மேல சத்தியம் பண்ணினாரு லா!"

மாஜிஸ்திரேட் இங்கிலீஷில் ஏதோ சொல்ல, கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு சொன்னார்: "பையன் பெரியவன்னா, ரயிலை ஏமாத்தினதுக்கு நீ ஜெயிலுக்குப் போகணும்னு துரை சொல்றாரு. இப்ப சொல்லு, அவன் பெரியவனா, சின்னவனா?"

கங்காணி பாய்ந்துபோய்ச் சிங்காரத்தைக் கட்டிக்கொண்டார்.

"பச்சப்புள்ளைங்க துரை! இன்னும் பால்பல்லே விழலைங்க!"